ஒரு வருஷம் முந்தினால் லாபமா?

"டாக்டர், எங்க பையன் ரொம்ப சூட்டிகை. ஒரு வகுப்பைத் தாண்டிப் போட்டுட்டா ப்ளஸ் டூவைச் சீக்கிரமே முடிச்சுடுவான். உடம்பு தாங்குமா?"

நெய்வேலியில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் அப்பா, சட்டையைக் கழற்றும் முன்பே மார்க்கைத்தான் விசாரிக்கிற ஊர் இது! ஆசை தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

முந்துவதற்கு வழிகள் உண்டு. வயது நிரம்பும் முன்பே எல்.கே.ஜி.யில் சேர்ப்பது ஒன்று. பள்ளி சம்மதித்தால் சின்ன வகுப்பில் 'டபுள் ப்ரமோஷன்' வாங்குவது இன்னொன்று. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் தனியாகப் படிப்பது மூன்றாவது. அங்கே பத்தாவதில் சேர 14 வயதும், ப்ளஸ் டூவில் சேர 15 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு தேர்வுக்கும் நடுவே இரண்டு வருஷ இடைவெளியும் வேண்டும்.

முந்தியவர் ஒருவர்

1888-ல் திருச்சி பக்கத்தில் பிறந்த சர் சி.வி. ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தவர். 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தபோது, கூடப் படித்தவர்களை விட வயதில் சின்னவர், உடம்பும் ஒல்லி. மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகும்படி ஆசிரியர்கள் சொன்னார்கள். பரிசோதித்த சென்னை சிவில் சர்ஜனோ, 'இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது' என்று தடுத்துவிட்டார்.

நஷ்டமா? இல்லை. இங்கேயே 1907-ல் எம்.ஏ. முடித்தார். கல்கத்தாவில் அரசு வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். 1930-ல் நோபல் பரிசு வாங்கி, 82 வயது வரை வாழ்ந்தார். மூளை ஓடுகிற வேகத்தில் உடம்பு ஓடாது. உடம்புக்காகக் கொஞ்சம் நின்றவர் தோற்பதும் இல்லை.

முந்துவதே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1971-ல் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய நீண்டகால ஆய்வில், கணக்கில் அபாரத் திறமை உள்ள பிள்ளைகள் முந்திப் படித்தும் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் அவர்கள் அபூர்வமான பிள்ளைகள். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குவது வேறு, இது வேறு.

உடம்புக்கு டபுள் ப்ரமோஷன் கிடையாது

சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். சாப்பிட்டதன் சாரம் இவற்றை வரிசையாக ஊட்டி வளர்க்கிறது என்பது எங்கள் பாடம். எதையும் தாண்டிக் குதிக்க முடியாது.

இன்றைய மருத்துவமும் பொறுமையைத்தான் சொல்கிறது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். இரண்டு வருஷப் பாடத்தை ஒரு வருஷத்தில் திணித்தால் முதலில் வெட்டுப்படுவது தூக்கம்தான். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15-19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. சோர்ந்த உடம்போடு படிக்கிற பிள்ளையைப் பார்த்து, 'சோம்பேறி' என்று திட்டுகிறோம்!

மிச்சமான வருஷம் எங்கே போகும்?

பல பெற்றோர் இதை யோசிப்பதில்லை. மருத்துவம் படிக்க, சேரும் வருஷத்தின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். சித்த மருத்துவத்துக்கும் இதே விதிதான். ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத 21 வயது. 15 வயதில் ப்ளஸ் டூ முடித்தாலும் வாசலில் காத்திருக்கத்தான் வேண்டும். எந்தப் படிப்பு, அதற்கு என்ன வயது என்று முதலில் விசாரியுங்கள்.

தட்டிப் பாருங்கள்

நம் பக்கத்து ஊர் பண்ருட்டியில் பலாவைத் தட்டிப் பார்த்துத்தான் அறுப்பார்கள். பிள்ளை விஷயத்திலும் ஐந்து இடத்தில் தட்டிப் பாருங்கள்.

1. முந்த வேண்டும் என்ற ஆசை பிள்ளையுடையதுதானா?
2. இப்போதைய படிப்பை முடித்துவிட்டு, 8 மணி நேரம் தூங்குகிறதா?
3. பசி, எடை, பெண்ணானால் மாதவிலக்கு, எல்லாம் சரியாக இருக்கிறதா?
4. தன்னை விடப் பெரிய பிள்ளைகளோடு பேசி விளையாடத் தயக்கம் இல்லையா?
5. மிச்சமாகும் வருஷத்தை என்ன செய்வது என்று தெளிவு இருக்கிறதா?

ஐந்துக்கும் 'ஆமாம்' என்றால் பள்ளியோடு பேசுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் பொறுங்கள். சூட்டிகையான பிள்ளைக்குத் தீனி போட வகுப்பைத் தாண்ட வேண்டியதில்லை. நூலகம், பாட்டு, செஸ், இன்னொரு மொழி என்று எத்தனையோ இருக்கின்றன.

எப்படி முடிவு செய்தாலும், முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, நெல்லிக்காய் இவை வாராவாரம் இலையில் விழட்டும். வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல். இரவு பத்து மணிக்கு மேல் புத்தகமும் வேண்டாம், போனும் வேண்டாம்.

தலைவலி விடாமல் இருந்தாலோ, மயக்கம் வந்தாலோ, மூன்று மாதம் விலக்கு தள்ளிப்போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். காரணமில்லாத அழுகை, 'எனக்கு வாழவே பிடிக்கலை' என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் ஆலோசனை கிடைக்கும்.

அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம், மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். என்ன வேண்டும் என்று அதுவே சொல்லும்.