பிறந்த மண்ணும் பிள்ளையின் உரிமையும்

எருசலேம் நகரிற் கலகம் எழுந்தபோது, பவுலடியாரைச் சவுக்கால் அடித்து விசாரிக்கும்படி உரோமச் சேனாபதி கட்டளையிட்டான். தாம் உரோமக் குடி என்பதை அவர் வெளிப்படுத்தவே, அடிக்க வந்தோர் அஞ்சி விலகினர். சேனாபதி பெரும்பொருள் கொடுத்து அவ்வுரிமையை வாங்கியவன். பவுலோ பிறப்பிலேயே அதனை உடையவர். அப்போஸ்தலர் நடபடிகளிற் காணும் இச்செய்தி, குடியுரிமை என்பது வெறுஞ்சொல் அன்று, முதுகில் விழவிருக்கும் அடியைத் தடுக்கும் கவசம் என்பதை நன்கு விளக்கும். அக்கவசம், பிழைப்பு நாடியும் உயிர்க்கு அஞ்சியும் பிறநாடு சென்றோர்தம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கிடைக்கின்றது, எவ்வாறு கிடையாது போகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குழந்தை எந்நாட்டுக் குடி என்று துணிதற்குச் சட்டங்கள் இருவகை அளவைகளைக் கொண்டுள்ளன. பிறந்த மண்ணை நோக்குவது ஒன்று. பெற்றோரின் குடியை நோக்குவது மற்றொன்று. முன்னதை மண்வழி உரிமை என்றும், பின்னதைக் குருதிவழி உரிமை என்றும் கூறலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பில் 1868-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பதினான்காவது திருத்தம் முன்னதைச் சார்ந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரிற் சீனப் பெற்றோர்க்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் என்பார், சீனஞ் சென்று 1895-இல் மீண்டபோது, கரையிறங்கவொட்டாது தடுக்கப்பட்டார். சீனர் அந்நாட்டுக் குடியாதற்கு அக்காலச் சட்டம் இடந்தரவில்லை. எனினும், மகன் அம்மண்ணிற் பிறந்தமையால் அவர் குடியே என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, நம் கரைக்கு அணித்தாகிய இலங்கையை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி, கங்காணிமாரின்கீழ்த் தமிழகத்தினின்றுஞ் சென்ற மக்கள், அங்கு மலைநாட்டிற் காப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்த்தனர். அவர்தம் மக்களும் பேரரும் லயங்களிலேயே பிறந்தனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, அங்குப் பிறந்தது மட்டும் போதாது என்றது. சட்டம் வருமுன் பிறந்தவர், தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் அந்நாட்டிற் பிறந்தமையைக் காட்டல் வேண்டும். பின்னர்ப் பிறப்போர்க்குத் தந்தை குடியாயிருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவுச் சீட்டே இல்லாத தோட்டத் தொழிலாளி, பாட்டன் பூட்டன் பிறப்புக்கு எங்ஙனஞ் சான்று காட்டுவான்? 1949-ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பித்துப் பெறும் வழியைத் திறந்ததாயினும், பெரும்பாலோர் விண்ணப்பங்கள் தள்ளுண்டன. தந்தை நாடற்றவன் ஆகவே, மகவும் தொட்டிலிலேயே நாடற்றதாயிற்று.

1964 அக்டோபர் 30-ஆம் நாள், லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகுத்துக்கொண்டன. 1964-க்குப் பின் பிறக்கும் பிள்ளைகள் யாவரும் 'இயற்கைப் பெருக்கம்' என்னும் ஒரு தொடருக்குள் அடங்கினர். அச்சிறாருட் பலர், தாம் ஒருநாளும் கண்டறியாத நாட்டின் குடிகளாய் இராமேசுவரத்திற் கப்பலிறங்கினர். அங்கேயே தங்கி, அதுவரை உரிமை பெறாது எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை வழங்கிற்று. இடையிற் கழிந்தன ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

அயலாரைக் குறைகூறி அமைதல் நமக்குத் தகாது. நமது 1955-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் மண்வழி உரிமையைத் தழுவியிருந்தது. 1987 சூலை 1 முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியாயிருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 திசம்பர் 3 முதல், மற்றவர் சட்டத்திற்கு மாறாகக் குடியேறியவராய் இருத்தலுங் கூடாது என்றாயிற்று. இலங்கைப் போருக்கு அஞ்சி 1983 முதல் இங்கு வந்தோர்க்குத் தமிழ்நாட்டு முகாம்களிற் பிள்ளைகள் பிறந்தன. ஒரே முகாமில், 1987 சூன் திங்களிற் பிறந்த மகவு இந்தியக் குடி. சூலையிற் பிறந்த மகவு அயற்குடி. இருவரும் பயின்ற பள்ளி ஒன்றே. பேசும் மொழியும் ஒன்றே.

தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று விதிப்பது அரசுக்கு உரியதன்றோ எனின், கூறுதும்: உரியதே. ஆயினும், எல்லையைக் கடந்து வந்தவர் பெற்றோர்; பிள்ளையோ இங்கு வந்ததன்று, பிறந்தது. தான் செய்யாத பயணத்திற்கு அது விடைகூறல் எங்ஙனம்? ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியாகும் உரிமை உண்டென்று, 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கூறுகின்றது. இந்தியாவும் இலங்கையும் அதனை ஏற்றுள்ளன. ஏற்றதைச் செயலிற் காட்டலே எஞ்சியுள்ளது.

சட்டம் இயற்றும் ஆற்றல் மாணவராகிய நமக்கு இன்றில்லை. ஆயினும், நம் அருகிருந்து கற்கும் தோழன் ஒருவன் முகாமிலிருந்து வருபவனாயின், அவனை அயலான் என்று எண்ணாதிருக்கும் ஆற்றல் உண்டு. பவுலடியார்க்குத் தம் பிறப்பைச் சுட்டிக் காட்டினாற் போதுமாயிருந்தது. அவ்வாறு சுட்டிக் காட்டற்கு ஒரு நாடு அத்தோழனுக்கும் வாய்க்குங் காலம் விரைவில் வருக.