கூசாமல் சொல்

திருச்சி,
டிசம்பர் 27

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருடம் உன் ஆங்கிலக் கதைகள் இரண்டு வெளிவந்ததில் உன் அம்மாவைவிட எனக்குத்தான் பூரிப்பு அதிகம். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய நாள் முதல் அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் தேடித் தேடிப் படித்து வந்தவள் நான். நம் வீட்டுப் பெண் ஒருத்தியே அதை எழுதுகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு எழுதும் பெண்கள் ஆண்டுக் கடைசியில் ‘விருதுக்குத் தகுதியுள்ள என் கதைகள் இவை’ என்று ஒரு குறிப்பு வெளியிடுகிறார்கள். உன்னையும் எழுதச் சொல்கிறார்கள். உனக்கோ, பரிசு கொடுங்கள் என்று வாசலில் போய் நிற்கிற மாதிரி கூச்சமாக இருக்கிறது. கதை நன்றாக இருந்தால் அவர்களே தேடிப் படிக்க மாட்டார்களா என்று கேட்கிறாய்.

மாட்டார்கள், கண்ணம்மா. அதனால் நீ எழுதத்தான் வேண்டும். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

இந்த விருதுகள் நடக்கிற முறையை முதலில் தெரிந்துகொள். ஹியூகோ விருது 1953-ல் தொடங்கியது. அதற்கு நடுவர் குழு கிடையாது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் கட்டிய வாசகர்கள் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து படைப்புகள் வரை முன்மொழியலாம். அதிலிருந்து ஆறு இறுதிப் பட்டியலுக்கு வரும். அதன்பின் விருப்ப வரிசைப்படி வாக்களிப்பார்கள். நெபுலா விருதை அமெரிக்காவில் இயங்கும் அறிவியல் புனைகதை, மிகுபுனைவு எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நீளக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே: 7,500 சொற்களுக்குள் சிறுகதை, 17,500-க்குள் நாவலெட், 40,000-க்குள் குறுநாவல். முந்தைய ஆண்டில் முதன்முறையாக வெளியான படைப்புக்குத்தான் இடம்.

நாவலுக்குப் பதிப்பகம் விளம்பரம் செய்யும், மதிப்புரை வரும், கடையில் அட்டை தெரியும். சிறுகதைக்கு அந்த வசதி எதுவும் இல்லை. இதழில் வந்த மாதம் நாலு பேர் பேசுவார்கள், அடுத்த இதழ் வந்ததும் மறந்துவிடுவார்கள். ஜனவரியில் முன்மொழிவுப் படிவத்தைத் திறக்கிற வாசகிக்கு, போன ஏப்ரலில் தன்னைத் தூங்கவிடாமல் செய்த கதையின் தலைப்பே நினைவில் இருக்காது. அது சிறுகதைப் பிரிவா, நாவலெட்டா என்பதும் தெரியாது. அந்தத் தகவலைத் தரத்தான் உன் குறிப்பு. வாக்காளர் பட்டியலில் தன் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் கையேந்துவது என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான். வாக்கு யாருக்கு என்பது அதற்கப்புறம் வருகிற விஷயம்.

இது எல்லா எழுத்தாளருக்கும் பொருந்தும். பெண்ணுக்குக் கூடுதலாகப் பொருந்துவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1933-ல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் ‘ஷாம்ப்ளோ’ என்ற கதை வந்தது. எழுதியவர் சி.எல். மூர், இண்டியானாபொலிஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்த இளம்பெண் கேதரின். பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த காலம். வேறு வருமானம் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கிக்கொண்டார். ஹென்றி கட்னர் என்ற எழுத்தாளர் அவரை ஆண் என்றே நினைத்துப் பாராட்டுக் கடிதம் எழுதினார். 1940-ல் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. 1969-ல் உர்சுலா லெ குவினின் ‘நைன் லைவ்ஸ்’ கதையை ஏற்றுக்கொண்ட ‘பிளேபாய்’ இதழ், பெயரை யு.கே. லெ குவின் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டது. அப்படியே அச்சானது. ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். புனைவுக்காக ஹியூகோ பெற்ற முதல் பெண் ஆன் மெக்காஃப்ரி. அவருடைய ‘வெயர் சர்ச்’ 1968-ல் குறுநாவல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டது. விருது தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து!

ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியரின் கதையை நான் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்வேன். 1968 முதல் அந்தப் பெயரில் அபாரமான கதைகள் வந்தன. ஆளை யாரும் பார்த்ததில்லை, கடிதப் போக்குவரத்து மட்டும் உண்டு. 1974-ல் ஹியூகோவும் கிடைத்தது. டிப்ட்ரீ பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு பேச்சு அடிபட்டபோது, ராபர்ட் சில்வர்பெர்க் 1975-ல் ஒரு தொகுப்பின் முன்னுரையில் அதை மறுத்தார். இந்த எழுத்தில் ஆண்மை தவிர்க்க முடியாதபடி இருக்கிறது என்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் உண்மை வெளியே வந்தது. டிப்ட்ரீ என்பவர் அறுபது வயதைக் கடந்த ஆலிஸ் ஷெல்டன். புனைபெயரை ஒரு மார்மலேட் பாட்டிலின் லேபிளிலிருந்து எடுத்திருந்தார். சில்வர்பெர்க் பெருந்தன்மையோடு தன் கணிப்பு பிசகியதை ஒப்புக்கொண்டார். ஆனால் அதே வரிகளைப் பெண் பெயரில் படித்திருந்தால் எத்தனை பேர் வேறு மாதிரி படித்திருப்பார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நம் ஊரில் எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு சுஜாதாவாக எழுதினார், தமிழ் அறிவியல் புனைகதைக்கே அந்தப் பெயர் அடையாளமாயிற்று. பெண் பெயரால் அவருக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. அங்கே பெண்கள் தங்கள் சொந்தப் பெயரை மறைக்க வேண்டியிருந்தது.

ஜோன்னா ரஸ் 1983-ல் ‘ஹவ் டு சப்ரெஸ் விமன்ஸ் ரைட்டிங்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். பெண் எழுத்து எப்படியெல்லாம் இல்லாமல் ஆக்கப்படுகிறது என்று வகை வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதற்குத் தடைச் சட்டம் எதுவும் தேவையில்லை. பட்டியல் போடும்போது விட்டுவிட்டால் போதும். அடுத்த தலைமுறைப் பெண் தனக்கு முன்னால் யாருமே எழுதவில்லை என்று நினைத்து முதலிலிருந்து தொடங்குவாள்.

உனக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆரம்பகால அறிவியல் புனைகதை நம் சென்னையில்தான் அச்சேறியது. ரொக்கேயா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாஸ் ட்ரீம்’, 1905-ல், கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வந்தது. பெண்கள் ஆளும் நாடு அது. சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், வானத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்கிக்கொள்கிறார்கள். ஆண்கள்தான் வீட்டுக்குள் இருக்கிறார்கள். வங்காளத்துப் பெண் எழுதியதை சென்னையில் ஒரு பெண் ஆசிரியர் வெளியிட்டார். ஒரு பெண்ணின் கதையை இன்னொரு பெண் கையில் எடுத்துக்கொண்டதால்தான் அது இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கிறது.

இந்த விடுமுறையில் ஆக்டேவியா பட்லரின் ‘ஸ்பீச் சவுண்ட்ஸ்’ படி. 1984-ல் சிறுகதைக்கான ஹியூகோ பெற்றது. ஏதோ ஒரு நோய் பரவி மனிதர்களின் பேச்சையும் எழுத்தறிவையும் பறித்துவிட்ட லாஸ் ஏஞ்சலஸ். ஒரு பேருந்தில் பார்வை மோதி, சைகை மோதி, அடிதடியாவதில் கதை தொடங்குகிறது. ரை என்ற பெண்ணுக்குப் பேச்சு மிச்சமிருக்கிறது, படிப்பு போய்விட்டது. ஒரு காலத்தில் வரலாறு கற்பித்தவள், எழுதியவள். கூட வருகிற ஆண் ஒரு வரைபடத்தை விரித்துப் படிப்பதைப் பார்க்கிறாள். அவனைக் கொன்றுவிடலாம் போல அவளுக்குப் பொறாமை பொங்குகிறது. அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். இத்தனை பெரிய அழிவை ஒருத்தியின் ஒரு நொடிப் பொறாமையில் காட்டிவிடுகிறார் பட்லர். தனக்குப் பேச வரும் என்பது வெளியே தெரிந்தால் ஆபத்து என்று அவள் வாயைத் திறக்காமலே வாழ்கிறாள். சிறுகதை என்ற வடிவத்தால் என்ன முடியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அந்த பட்லர் பாத்திரம் கழுவியிருக்கிறார், உருளைக்கிழங்கு சிப்ஸ் தரம் பார்க்கிற வேலை செய்திருக்கிறார், விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதியிருக்கிறார். 1988-ல் ஒரு நோட்டின் உள் அட்டையில், தன் நூல்கள் விற்பனைப் பட்டியலில் ஏறும் என்று தனக்குத் தானே உறுதி எழுதி வைத்தார். அவர் 2006-ல் காலமானார். அவருடைய ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ நாவல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது 2020-ல். தன் ஆசையைத் தன் கையால் எழுதிவைக்க அவர் கூசவில்லை.

இப்படிப் பலர் சொல்லிச் சொல்லித்தான் நிலைமை மாறியது. 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஹியூகோவின் நாவல், குறுநாவல், நாவலெட், சிறுகதை நான்கையும் பெண்களே பெற்றார்கள். மலேசியாவின் ஜென் சோ அதில் ஒருவர். மிமி மொண்டல் என்ற நம் நாட்டுப் பெண்ணின் நாவலெட் நெபுலா இறுதிப் பட்டியலுக்குப் போயிருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

குறிப்பைச் சுருக்கமாக எழுது. கதையின் தலைப்பு, இதழின் பெயர், வெளியான மாதம், சொல் எண்ணிக்கை, எந்தப் பிரிவு, எதைப் பற்றியது என்று ஒரு வரி. ‘என் எளிய முயற்சி’, ‘நேரம் கிடைத்தால் பாருங்கள்’ என்ற குழைவெல்லாம் வேண்டாம். உன் முதல் தொழில்முறைக் கதை இந்த ஆண்டுதான் வந்தது என்பதையும் சேர். புதிய எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருதுக்கு அந்த முதல் வெளியீட்டிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம்.

உன் கதைகளுக்குக் கீழே, இந்த ஆண்டு நீ படித்து உருகிய மற்றப் பெண்களின் கதைகளையும் எழுது. இதை நான் முதல் விஷயத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன். ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’, ‘அன்கேனி’, ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ இதழ்கள் எல்லாமே இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. படிக்கிற அன்றைக்கே தலைப்பைக் குறித்து வை. தோழி எழுதினாள் என்பதற்காக ஒரு கதையைச் சேர்க்காதே, பிடிக்காத ஆள் எழுதினார் என்பதற்காக விடாதே. 2015-ல் ஒரு கூட்டம் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு மொத்தமாக முன்மொழிந்து ஹியூகோ பிரிவுகளை நிரப்பியது. வாக்காளர்கள் சிறுகதை உட்பட ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருது இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த ஆண்டு நேர்மையாக எழுதிய எத்தனையோ பேரின் கதைகள் பட்டியலுக்கே வராமல் போயின. படித்ததை மட்டும் முன்மொழிவது இங்கே அடிப்படை ஒழுக்கம்.

ஹியூகோவில் நீயும் முன்மொழியலாம். உறுப்பினர் கட்டணம் சுமார் 50 டாலர். உனக்கு அது பெரிய தொகை என்று தெரியும், பொங்கல் சீராக நான் அனுப்புகிறேன். லோகஸ் விருதுக்குக் காசே கட்டாமல் யாரும் வாக்களிக்கலாம்.

தமிழையும் மறக்காதே. ஹியூகோ விதிப்படி எந்த மொழியில் வெளியான படைப்புக்கும் தகுதி உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பு முதலில் வெளிவரும் ஆண்டில் அந்தத் தகுதி மறுபடியும் கிடைக்கும். ஹாவ் ஜிங்ஃபாங் சீனத்தில் எழுதிய ‘ஃபோல்டிங் பெய்ஜிங்’ கென் லியூவின் மொழிபெயர்ப்பில் 2015-ல் வந்து, அடுத்த ஆண்டு நாவலெட் பிரிவில் வென்றது அப்படித்தான். உனக்கு இரண்டு மொழியும் கைவரும். தமிழில் எழுதுகிற ஒரு பெண்ணின் கதையையாவது வருடத்துக்கு ஒன்று என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோ.

கடைசியாக ஒன்று. விருதுக்காகக் கதை எழுதாதே. எழுதும்போது கதை மட்டும் இருக்கட்டும். எழுதி முடித்து அச்சில் வந்தபின், அது இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது உன் பொறுப்பு. இறுதிப் பட்டியலில் உன் பெயர் வராமலே போகலாம், வருத்தமில்லை. உன் குறிப்பைப் பார்த்து யாரோ ஒருத்தி உன் கதையைத் திறந்து படித்தால் அது போதுமான பலன்.

நெபுலாவுக்குப் பிப்ரவரி இறுதிவரை நேரம் இருக்கிறது, ஹியூகோவுக்குப் பெரும்பாலும் மார்ச் வரை. வாசகர்கள் உன் கதைகளைப் படிக்கவும் நாள் வேண்டும். அதனால் பொங்கலுக்குள் குறிப்பை வெளியிட்டுவிடு. நீ பரிந்துரைக்கிற கதைகளின் பட்டியலை எனக்குத் தனியாக அனுப்பு. எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒவ்வொன்றைப் பற்றியும் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா