சவேரியார் என்னும் பெயர் வந்த வழி

சவேரிமுத்து, சேவியர், சவேரியம்மாள் என்று நம்மிடையே எத்தனையோ பேர் உள்ளனர். இப்பெயரின் பொருள் யாது என்று கேட்டால், "அது புனிதரின் பெயர்" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வர். ஸ்பெயின் நாட்டில் ஆண் குழந்தைகளுக்கு இடும் 'ஹவியேர்' என்ற பெயரும் இதுவே. ஆனால் முதலில் இது ஆளின் பெயரே அன்று. ஒரு வீட்டின் பெயர்.

ஸ்பெயினின் வடபகுதியில் நவார்ரா என்னும் நிலம் உள்ளது. அங்கு வழங்கும் பாஸ்க் மொழிக்கும் ஸ்பானிய மொழிக்கும் உறவே இல்லை. பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதியது. நாம் 'புதுவீடு' என்போம். அவர்களோ வீட்டை முன்னே சொல்லிப் புதுமையைப் பின்னே சொல்வர். இந்த 'எச்சேபெர்ரி' நாளடைவில் முதலெழுத்தை இழந்து 'ஷவியேர்' எனத் திரிந்து, அங்கிருந்த ஒரு கோட்டைக்குப் பெயராயிற்று.

அக்கோட்டையில் 1506 ஏப்ரல் 7 அன்று பிரான்சிஸ் பிறந்தார். தந்தையின் குடிப்பெயர் ஹாஸோ. கோட்டையோ தாய் மரியாவின் வழியில் வந்தது. அக்காலத்தில் அங்கு உடன்பிறந்தவர்களே வெவ்வேறு குடிப்பெயர் பூணுவதுண்டு. இவருக்குத் தாய்வீட்டுக் கோட்டையின் பெயர் நிலைத்தது. தந்தையின் பெயர் நிலைத்திருந்தால் நம் கோயில்கள் பலவற்றுக்கும் வேறு பெயரன்றோ வாய்த்திருக்கும்!

1512இல் காஸ்தீலியப் படை நவார்ராவைக் கைப்பற்றியது. பழைய அரசரின் பக்கம் நின்ற குடும்பம் இது. ஆகவே 1516இல் கர்தினால் சிஸ்னேரோசின் ஆணைப்படி கோட்டையின் கோபுரங்களும் மதில்களும் இடிக்கப்பட்டன. முந்தைய ஆண்டுதான் தந்தை இறந்திருந்தார். சிறுவனுக்கு வயது 10. பெயரில் புதுவீடு, கண்ணெதிரே இடிந்த வீடு! அந்தப் பெயருடனேயே அவர் 1525இல் பாரிசுக்குப் படிக்கச் சென்றார். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே ஒரு தீவில் உயிர் துறந்தார். 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட பின்னரே, ஓர் இடத்தின் பெயராயிருந்த சொல் பிள்ளைகளுக்கு இடும் பெயராகப் பரவியது.

இனி ஒலியைப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவர் காலத்து ஸ்பானியர் இப்பெயரின் முதலெழுத்தை 'ஷ' என்றே ஒலித்தனர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அவ்வொலி தொண்டையில் பிறக்கும் 'ஹ' போல் மாறிவிட்டது. புவியியல் பாடத்தில் நாம் மெக்சிகோ என்று படிக்கும் நாடும் இவ்வாறே 'மெஷிகோ'விலிருந்து 'மெஹிகோ' ஆயிற்று. போர்ச்சுக்கீசியரோ பழைய 'ஷ'வை விடவில்லை. அவர்கள் வாய்மொழியாக நமக்கு வந்தமையால், தமிழில் அது 'ச' ஆகிச் 'சவேரியார்' என நின்றது. ஸ்பெயின் மறந்த ஒலிக்கு நெருங்கிய ஒலி தூத்துக்குடிக் கடற்கரையில் இன்றும் கேட்கிறது! 'சேவியர்' என்பது பின்னர் ஆங்கிலத்தின் வழியே வந்த வடிவம்.

எச்செவெர்ரியா என்ற குடும்பப் பெயரை ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவிலும் கேட்கலாம். அதற்கும் பொருள் புதுவீடுதான்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி