குறட்டையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

1889-ல் ஹைதராபாத்தில் நிஜாமின் பொருளுதவியோடு குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து பற்றிய பெரிய ஆய்வு நடந்தது. மயக்கம் கொடுக்கும்போது நாடியை அல்ல, மூச்சைக் கவனியுங்கள் என்று வாதாடினார் அதை நடத்திய டாக்டர் எட்வர்ட் லாரி. அந்த மருந்து இதயத்தை நேரடியாகத் தாக்காது என்ற அவரது முடிவு பின்னாளில் தவறென்று தெரிந்தது. ஆனால் மூச்சின் மேல் கண் வைப்பது, தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு இன்றும் உயிர்காக்கும் காரியம்.

மயக்க மருந்து தொண்டைத் தசைகளைத் தளர்த்துவதால், குறுகலான மூச்சுப்பாதை மேலும் அடைபடும். எனவே ஆபரேஷனுக்கு முன்பே பலத்த குறட்டை, பகல்நேரத் தூக்கம், ரத்தக்கொதிப்பு எல்லாவற்றையும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரவில் பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போங்கள். மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்தவர் அவர்தானே!

தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியை உபயோகிப்பவர்கள் அதை முகமூடியோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும்.

கை, காலில் ஆபரேஷன் என்றால், முழு மயக்கத்துக்குப் பதிலாக அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று கேட்கலாம்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் கவனம் தளரக்கூடாது. மார்ஃபின் போன்ற வலிமருந்துகளும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தமாக்கும். டாக்டர் அனுமதித்தால் தலைப்பக்கத்தை உயர்த்தியோ, ஒருக்களித்தோ படுப்பது நல்லது. விரலில் மாட்டிய ஆக்சிஜன் மானியை உறுத்துகிறதென்று கழற்றிவிட வேண்டாம்.