நினைவக அட்டை: எந்த எண்ணை நம்புவது?

கீழ்க்காணும் பகுதியை வாசித்துப் புரிந்துகொள்க.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் நியாலாஸ். ஒரு காலத்தில் இவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரங்கள் நிறைந்திருந்தன. இன்று செம்பனை மரங்களே பரவலாகக் காணப்படுகின்றன. பெரட்டு, லயன் வீடு, மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்களை இளையோர் பலர் தாத்தா பாட்டியின் பேச்சிலிருந்தே அறிந்துகொள்கின்றனர்.

இவ்வூரைச் சேர்ந்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி, பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் செயல்திட்டத்திற்காகத் தன் பாட்டியின் தோட்டத்து நினைவுகளைக் காணொளியாகப் பதிவு செய்வதாக எண்ணிப் பார்ப்போம். அவள் தன் மாமாவிடம் 4கே காணொளி எடுக்கும் கேமராவை இரவல் வாங்குகிறாள். வீட்டில் இருந்த 64 ஜிகாபைட் மைக்ரோ எஸ்டி அட்டையை அதில் பொருத்துகிறாள். அட்டையின் மேல் ‘100’ என்னும் எண் பெரிதாக அச்சிடப்பட்டுள்ளது. கேமராவின் காணொளி அமைப்பிலும் ‘100’ என்றே உள்ளது. இரண்டும் ஒத்திருப்பதால் அட்டை போதுமானது என்று அவள் முடிவு செய்கிறாள்.

பாட்டி, விடியற்காலைப் பெரட்டைப் பற்றி ஆர்வத்துடன் பேசத் தொடங்குகிறார். சில நிமிடங்களில் பதிவு தானாகவே நின்றுவிடுகிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. பாட்டி ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகே உண்மை தெரிகிறது. மறுநாள் மீண்டும் கேட்டபோது, “அதான் நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டேனே, கண்ணு” என்று பாட்டி சுருக்கமாக முடித்துக்கொள்கிறார். முதல் நாள் சொன்ன செய்திகளில் பல திரும்ப வரவில்லை.

இங்கு அட்டை பழுதாகவில்லை; அது போலி அட்டையும் அன்று. எண்ணின் பொருளை அறியாமல் அதை நம்பியதே சிக்கலுக்குக் காரணம்.

விரல்நுனி அளவிலான சேமிப்பகம்

மைக்ரோ எஸ்டி அட்டையின் நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர், தடிப்பு 1 மில்லிமீட்டர். இதன் உள்ளே இருப்பது ‘ஃபிளாஷ்’ வகை நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியியலாளர் 1980-களில் இதனைக் கண்டுபிடித்தார். மின்சாரம் நின்றாலும் தரவு அழியாமல் இருப்பது இதன் சிறப்பு.

பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவாக்கியதே எஸ்டி அட்டை. அதன் தர அளவுகளை வகுப்பதற்காக 2000-ஆம் ஆண்டில் எஸ்டி சங்கம் தொடங்கப்பட்டது. 2004-இல் சான்டிஸ்க் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘டிரான்ஸ்ஃபிளாஷ்’ என்னும் சிறிய அட்டையை இச்சங்கம் 2005-இல் ஏற்றுக்கொண்டு, மைக்ரோ எஸ்டி எனப் பெயரிட்டது. இன்று அட்டைகளில் காணப்படும் வேகக் குறிகள் இச்சங்கம் வகுத்தவையே.

படிக்கும் வேகமும் எழுதும் வேகமும்

அட்டையிலிருந்து தரவை எடுப்பது படிக்கும் வேகம். அட்டையில் தரவைச் சேர்ப்பது எழுதும் வேகம். பொதுவாக, எழுதும் வேகம் படிக்கும் வேகத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேல் புதிய தரவை நேரடியாக எழுத இயலாது. முதலில் அவ்விடத்தை அழிக்க வேண்டும். அதுவும் ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் ஒருசேர அழிக்க வேண்டும். இதனால் எழுதும் வேலைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மேலும், சில அட்டைகள் தொடக்கத்தில் விரைவாக எழுதினாலும் நேரம் செல்லச் செல்ல வேகம் குறைந்துவிடும்.

அட்டையில் பெரிதாக அச்சிடப்படும் எண், பெரும்பாலும் அது எட்டக்கூடிய மிக உயர்ந்த படிக்கும் வேகமாகும். காணொளிப் பதிவுக்குத் தேவைப்படுவதோ இடைவிடாது கிடைக்கும் எழுதும் வேகம். ஆகவே, அந்தப் பெரிய எண்ணை மட்டும் பார்த்து அட்டையைத் தேர்ந்தெடுப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

பிட்டும் பைட்டும்

மாணவியின் இரண்டாவது தவறு அலகைக் கவனிக்காதது. அட்டையில் உள்ள 100 என்பது வினாடிக்கு 100 மெகாபைட். கேமராவில் உள்ள 100 என்பது வினாடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எனவே, 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட் கிடைக்கும். அந்தக் கேமரா ஒவ்வொரு வினாடியும் 12.5 மெகாபைட் தரவை அட்டைக்கு அனுப்புகிறது.

அட்டையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த குறி ‘சி10’. அந்த அட்டை வினாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும் என்பதே அதன் பொருள். அதற்கு மேல் எழுதினால் நல்லதுதான். ஆனால், அதற்கு எந்த உறுதியும் இல்லை. வேகம் 10-க்கு இறங்கினால், ஒவ்வொரு வினாடியும் 2.5 மெகாபைட் தேங்கும். ஒரு நிமிடத்தில் 150 மெகாபைட் தேங்கிவிடும். கேமராவின் தற்காலிக நினைவகம் சிறியது. மங்கு நிறைந்தால் பால் வழிந்துவிடும். அதுபோல், தற்காலிக நினைவகம் நிறைந்ததும் வரும் தரவைத் தாங்க இயலாமல் கேமரா பதிவை நிறுத்திவிடுகிறது.

வேகக் குறிகள்

அட்டையில் உள்ள சிறிய குறிகள் குறைந்தபட்ச எழுதும் வேகத்தை உணர்த்துகின்றன. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

• சி2, சி4, சி6, சி10 – வினாடிக்கு முறையே 2, 4, 6, 10 மெகாபைட்
• யு1 – வினாடிக்கு 10 மெகாபைட்
• யு3 – வினாடிக்கு 30 மெகாபைட்
• வி6, வி10, வி30, வி60, வி90 – வினாடிக்கு முறையே 6, 10, 30, 60, 90 மெகாபைட்

‘வி’ என்பது காணொளியைக் குறிக்கும் எழுத்து. மாணவியின் கேமராவுக்கு 12.5 மெகாபைட் தேவை என்பதால் யு3 அல்லது வி30 குறியுள்ள அட்டையே ஏற்றது.

திறன்பேசியில் செயலிகளை அட்டையிலிருந்து இயக்க விரும்புவோர் ‘ஏ1’, ‘ஏ2’ ஆகிய குறிகளைக் கவனிக்க வேண்டும். காணொளி ஒரே நீண்ட கோப்பு. செயலியோ பல சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் படிக்கும். ஏ1 அட்டை வினாடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வேண்டும். ஏ2 அட்டைக்கு இவ்வளவு 4000, 2000 என உயர்கிறது. ஆயினும், கருவியும் அவ்வசதிக்கு ஏற்றதாக இருந்தால்தான் ஏ2 அட்டையின் முழுப் பயன் கிட்டும்.

நேர்மையான ஒப்பீடு

இரண்டு அட்டைகளின் வேகத்தைப் பள்ளிக் கணினிக் கூடத்திலேயே ஒப்பிடலாம். இது அறிவியல் பாடத்தில் செய்யும் ஆராய்வைப் போன்றதே. அட்டை, தற்சார்பு மாறி. கோப்பை நகலெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம், சார்பு மாறி. கணினி, அட்டைப் படிப்பான், கோப்பின் அளவு ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும். ஒரு முறை மட்டும் சோதிக்காமல் மூன்று முறை சோதித்துச் சராசரியைக் கணக்கிட வேண்டும். சிறிய கோப்பைப் பயன்படுத்தினால் தொடக்க வேகம் மட்டுமே தெரியும். ஆகவே, பல ஜிகாபைட் அளவுள்ள கோப்பைப் பயன்படுத்துவது சிறப்பு.

வேக வேறுபாட்டின் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். 32 ஜிகாபைட், அதாவது 32,000 மெகாபைட் தரவை எழுத, வினாடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் 53 நிமிடங்களுக்கு மேல் ஆகும். 30 மெகாபைட் வேகத்தில் ஏறக்குறைய 18 நிமிடங்கள் போதும். 90 மெகாபைட் வேகத்தில் ஏறக்குறைய 6 நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

அட்டைப் படிப்பானும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். யு.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். எனவே, 160 என்று அச்சிடப்பட்ட அட்டையும் அவ்விணைப்பில் 60-ஐத் தாண்ட இயலாது. அட்டையைக் குறை கூறும் முன் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சந்தையில் போலி அட்டைகளும் உண்டு. சில அட்டைகள் தம் உண்மைக் கொள்ளளவைவிடப் பல மடங்கு அதிகமாகக் காட்டும். உண்மையான இடம் நிறைந்த பிறகு எழுதப்படும் தரவு அழிந்துபோகும். புதிய அட்டையை முழுவதுமாக நிரப்பி, மீண்டும் படித்துச் சரிபார்த்தால் இவ்வேமாற்று வெளிப்படும். இச்சோதனையை முக்கியமான பதிவுக்கு முன்பே செய்ய வேண்டும்.

முன்னேற்பாடே பாதுகாப்பு

விலை உயர்ந்த அட்டைதான் வேண்டும் என்பதில்லை. வேலைக்கு ஏற்ற அட்டையே வேண்டும். பாடல் கேட்கவும் படங்களைச் சேமிக்கவும் சி10 அட்டை போதும். 4கே காணொளிக்கு வி30 தேவை. முதலில் கருவியின் தேவையை அறிய வேண்டும். அலகை ஒப்பிட வேண்டும். குறைந்தபட்ச எழுதும் வேகத்தைப் பார்க்க வேண்டும். பின்னர் பத்து நிமிடமாவது பதிவு செய்து சோதிக்க வேண்டும். பதிவு முடிந்த அன்றே வேறொரு சேமிப்பகத்திலும் நகல் எடுத்து வைக்க வேண்டும்.

அட்டை கெட்டுப்போனால் சில ரிங்கிட் கொடுத்து வேறொன்று வாங்கிவிடலாம். ஒரு மூத்தவர் மனம் திறந்து பேசிய ஒரு மணி நேரத்தை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

கேள்விகளுக்கு விடை எழுதுக.

1. பாட்டியின் பேச்சு முழுமையாகப் பதிவாகாததற்கான இரண்டு காரணங்களைக் குறிப்பிடுக.
2. படிக்கும் வேகத்தைவிட எழுதும் வேகம் குறைவாக இருப்பதேன்?
3. வினாடிக்கு 12.5 மெகாபைட் அனுப்பும் கேமராவைக் கொண்டு 32 ஜிகாபைட் அட்டையில் எவ்வளவு நேரம் பதிவு செய்யலாம்? கணக்கிட்டுக் கூறுக.
4. ‘மங்கு நிறைந்தால் பால் வழிந்துவிடும்’ என்னும் உவமை எதனை விளக்குகிறது?
5. உங்கள் வட்டாரத்து மூத்தவர் ஒருவரின் அனுபவங்களைப் பதிவு செய்யும் முன் மேற்கொள்ள வேண்டிய ஏற்பாடுகளைக் குழுவில் கலந்துரையாடிப் பட்டியலிடுக.