குருணை உரமா, திரவ உரமா? புல்தரையில் ஒரு கணக்குப் பாடம்

சிறுமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் பள்ளியின் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு சிறிய புல்தரை உண்டு. அது மஞ்சளடித்துப் போனபோது, இரண்டு கைப்பிடி யூரியாவை நானே வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தண்ணீர் விடவில்லை. சில நாள்களில் புல் வட்ட வட்டமாகக் கருகியது. "சார், உரம்தானே போட்டீங்க? அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியே இந்தப் பாடமாக விரிந்தது.

ஏன் கருகியது?

குருணை குவிந்து விழுந்த இடத்தில் மண்ணீரின் அடர்வு கூடுகிறது. சவ்வூடு பரவலால் வேரிலிருந்து நீர் வெளியேறுகிறது. யூரியா சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவும் இளவேர்களைச் சுடுகிறது. ஆக, தவறு உரத்தில் இல்லை. அளவிலும் இட்ட முறையிலும்தான்.

செயல்பாடு 1: மூட்டையைப் படித்தல்

உரக்கடையிலிருந்து வெற்றுப் பைகளை வாங்கி வரச் சொல்லுங்கள். 17:17:17 என்றால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றும் 17 சதவீதம். யூரியாவில் தழைச்சத்து மட்டும் 46 சதவீதம். ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு முறைக்கு 2 கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். யூரியா என்றால் 4.3 கிராம் போதும். 17:17:17 என்றால் சுமார் 12 கிராம். நான் வீசியது எவ்வளவு அதிகம் என்று மாணவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்!

செயல்பாடு 2: திரவத்தின் கணக்கு

நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலைமேல் தெளிப்பது வழக்கம். ஒரு சதுர மீட்டருக்கு 100 மி.லி. தெளித்தால் அதில் உள்ள உரம் 0.5 கிராம், தழைச்சத்து 0.095 கிராம். 2 கிராம் சேர 21 முறை தெளிக்க வேண்டும்! திரவ உரம் விரைவாக வேலை செய்கிறது; ஆனால் அளவில் சிறியது. குருணை சோறு என்றால், இலைவழித் தெளிப்பு சோர்ந்தவருக்குக் கொடுக்கும் குளுக்கோஸ் தண்ணீர்.

இதே கணக்கை நானோ யூரியாவுக்கும் போட்டுப் பார்க்கலாம். இஃப்கோ 2021இல் அறிமுகப்படுத்திய 500 மி.லி. பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ. வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இலைவழியே கொடுப்பது வீணாகாமல் சேரும் என்பது தயாரிப்பாளர் வாதம். ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடாகுமா என்று அறிவியலாளர்கள் சிலர் கேள்வி எழுப்பியுள்ளனர். முடிவை நாம் சொல்ல வேண்டாம். எண்களை வைத்து மாணவர்கள் விவாதிக்கட்டும்.

செயல்பாடு 3: மூன்று கட்டங்கள்

ஒரு சதுர மீட்டர் அளவில் மூன்று கட்டங்கள் பிரியுங்கள். முதலாவதில் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் 12 கிராம் குருணையைச் சீராகத் தூவித் தண்ணீர். மூன்றாவதில் வாரம் ஒருமுறை தெளிப்பு. மூன்றுக்கும் தண்ணீர் அளவு ஒன்றாக இருக்கட்டும். புல்லின் உயரத்தையும் நிறத்தையும் நான்கு வாரம் பதிவு செய்யச் சொல்லுங்கள். உரத்தைக் கையாள்வதும் தெளிப்பதும் ஆசிரியரின் வேலை. கையுறை அவசியம்; காலை அல்லது மாலையில், காற்றில்லாத நேரத்தில் தெளியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

புல் சீராக வளர வேண்டும், தண்ணீர் வசதியும் உண்டு என்றால் குருணை. விலையும் குறைவு. சத்துக் குறைபாடு தெரிகிறது, விரைவில் தேற்ற வேண்டும் என்றால் தெளிப்பு. நம் பகுதிச் செம்மண்ணில் மணல் கூடுதலாக இருந்தால் சத்து எளிதில் கீழே இறங்கிவிடும். அங்கே குருணையைச் சிறுசிறு தவணையாகப் பிரித்து இடுவதே நல்லது. சத்துணவுக் கூடத்தின் காய்கறிக் கழிவில் செய்த மட்கு உரத்தைச் சேர்த்தால் மண் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும்.

கிணறு வரை போகும் பாடம்

ஐப்பசி, கார்த்திகையில் பெருமழைக்கு முந்தைய நாள் உரம் இட்டால் அது புல்லுக்குப் போகாது. சரிவில் ஓடி ஓடைக்கும், நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீருக்கும் போகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும்.

மதிப்பீட்டுக்கு: "உங்கள் வீட்டில் உரம் இடுபவரிடம் அளவை எப்படி முடிவு செய்கிறார் என்று கேட்டு எழுதி வருக." எங்கள் வகுப்பில் பலர் "கை அளவுதான்" என்று எழுதி வந்தார்கள். என் அளவும் அதுதானே! இப்போது அறிவியல் அறையின் தராசு மாதம் ஒருமுறை புல்தரைக்கு வருகிறது. கருகிய வட்டங்களில் புல் மெல்ல மூடி வருகிறது.