எஃகின் உள்நோய்

நுழையும்முன்

துரு கண்ணுக்குத் தெரியும். வெளியே ஓடும் விரிசலும் தெரியும். ஆனால், வெளித்தோற்றம் சற்றும் மாறாமலேயே எஃகு தன் வலிமையை இழப்பதும் உண்டு. அந்நோய் தோன்றும் முறையையும் அதனை அறியத் தவறியதால் நேர்ந்த இழப்புகளையும் இப்பாடம் விளக்குகிறது.

அணு நுழையும் வழி

கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள்களில் கந்தகம் கலந்திருக்கும். அதனை நீக்குவதற்குச் சுத்திகரிப்பு ஆலைகளில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்துவர். அவ்வெப்பத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறு அணுக்களாகப் பிரிகிறது. அணுக்களுள் மிகச் சிறியதாகிய அது எஃகினுள் எளிதில் புகுந்துவிடுகிறது. அங்கே, எஃகுக்கு உறுதிதரும் கார்பனோடு வினைபுரிந்து மீத்தேனாக மாறுகிறது. மீத்தேன் மூலக்கூறு பெரியது. ஆதலின், ஹைட்ரஜன் வந்த வழியே அதனால் வெளியேற இயலாது. எஃகின் நுண்படிகங்களுக்கு இடையே தேங்கி அழுத்துகிறது. அதனால் நுண்விரிசல்கள் தோன்றி, ஒன்றோடொன்று இணைகின்றன. இதுவே உயர்வெப்ப ஹைட்ரஜன் தாக்கம் எனப்படும்.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகில் கார்பன் அவ்வுலோகங்களோடு இறுகப் பிணைந்திருக்கும். எனவே, அது இத்தாக்கத்தை எதிர்த்து நிற்கிறது.

ஒத்த தோற்றம், வேறு இயல்பு

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையொன்றில் ஒரு வெப்பப் பரிமாற்றியை ஒட்டி மூன்று வளைவுக் குழாய்கள் இருந்தன. இரண்டு, குரோமியம் கலந்தவை. ஒன்று, வெப்பம் குறைந்த இடத்திற்குரிய சாதாரணக் கார்பன் எஃகு. மூன்றும் அளவில் ஒத்தவை. பராமரிப்பின்போது கழற்றி மீண்டும் பொருத்தியவர்களுக்கு அவை வேறுபட்டவை என்று எவரும் அறிவிக்கவில்லை. இடம் மாறியது. சில மாதங்களில், 2005 ஜூலை 28 அன்று, கார்பன் எஃகுக் குழாய் பிளந்து பெருந்தீ மூண்டது. உயிரிழப்பு இல்லை, பொருளிழப்போ ஏறத்தாழ 3 கோடி டாலர்.

தெரிந்து தெளிவோம்

எந்த எஃகு எவ்வளவு வெப்பத்தையும் ஹைட்ரஜன் அழுத்தத்தையும் தாங்கும் என்பதை, ஆலைகளில் கிடைத்த அனுபவங்களைத் தொகுத்து ஜார்ஜ் நெல்சன் வரைபடமாக்கி 1949-இல் வெளியிட்டார். அது 'நெல்சன் வளைகோடு' எனப்படுகிறது.

கோட்டுக்குக் கீழே

2010 ஏப்ரல் 2, நள்ளிரவு கடந்த வேளை. வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸ் நகரச் சுத்திகரிப்பு ஆலையில், தூய்மை செய்யப்பட்ட வெப்பப் பரிமாற்றிகளை மீண்டும் இயக்கத் தொடங்கினர். அப்பணியின்போது கசிவு ஏற்படுவது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. எனவே, கூடுதல் பணியாளர்களும் அருகில் நின்றனர். அடுத்திருந்த பரிமாற்றியொன்று திடீரெனப் பிளந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர்.

பிளந்த கலம் 1972 முதல் பயன்பாட்டில் இருந்த கார்பன் எஃகாலானது. அமெரிக்க வேதியியல் பாதுகாப்புப் புலனாய்வு வாரியம் ஆராய்ந்தபோது, வளைகோடு தீங்கற்றது எனக் காட்டிய எல்லைக்குள்ளேயே எஃகு சிதைந்திருந்தது தெரியவந்தது. கோடு, அதுவரை நிகழ்ந்தவற்றின் தொகுப்பே. இனி நிகழக்கூடியவற்றுக்கு அது உறுதிமொழி அன்று.

பாதுகாப்பின் படிகள்

நுண்விரிசல்களைச் சோதனையால் கண்டறிவது கடினம். ஆகவே, தாக்கத்துக்கு ஆளாகாத உலோகக்கலவையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுப்பது முதற்படி. பொருத்தும் ஒவ்வோர் உறுப்பின் உலோகத்தையும் கருவியால் சரிபார்ப்பது அடுத்த படி. கசிவை 'வழக்கம்' என்று கடந்துபோகாமல் எச்சரிக்கையாகக் கொள்வது மூன்றாம் படி. இவற்றுள் முதலிரண்டும் பொறியியல் சார்ந்தவை. மூன்றாவது மனித உயிரை மதிக்கும் பண்பைச் சார்ந்தது. தோற்றத்தையும் பழக்கத்தையும் நம்பி அமையாது, ஆராய்ந்து தெளிதலே தொழிலறம்.

கற்பவை கற்றபின்

1. 'வழக்கமாகிவிட்ட தவறே பெருந்தவறு' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
2. ஹைட்ரஜன் எஃகைச் சிதைக்கும் முறையைப் படிநிலைகளாக எழுதுக.